முதல் சுற்றில் தொடக்கூடாது

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்ள நான் விடமாட்டேன். சான்று வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குக் கோவில்பட்டியில் நாங்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதிரித் தேர்வை எல்லோருக்கும் முன்னால் முடித்தேன். பேனாவை மூடினேன். கைகளைத் தூக்கிச் சோம்பல் முறித்தேன்.

"தாள் ரொம்ப லேசு சார். இப்படிக் குடுத்தா பிள்ளையெல்லாம் கெட்டுப்போவும்" என்று அறிவித்தேன்.

இன்னும் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. எங்கள் வகுப்பு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில். கீழே கடலைமிட்டாய்க் கடை. பாகு காய்ச்சும் வாசனை ஜன்னல் வழியே ஏறி வந்தது. வெற்றி பெற்றவன் மூச்சை இழுப்பது போல அதை இழுத்தேன். அப்போது பக்கத்து பெஞ்சிலிருந்து, தலையைத் தூக்காமலே ஒரு குரல் சொன்னது:

"அண்ணாச்சி, தாளத் திருப்புங்க."

திருப்பினேன். பின்பக்கத்தில் பதினோரு கேள்விகள் இருந்தன.

அந்தக் குரலுக்கு உரியவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. வகுப்பில் யாரும் அதைச் சொன்னதில்லை. புதூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வருகிறாள் என்பதால் அவள் எங்களுக்குப் 'புதூர்'. "புதூர் வந்தாச்சா?", "புதூர் எத்தன மார்க்கு?" என்று ஒரு ஊரே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலத்தான் பேசுவோம். என்னை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர்கள் முதல் தடவை எழுதப்போகிறவர்கள், நான் மூன்றாவது தடவை. தோற்றுத் தோற்றுச் சம்பாதித்த மரியாதை அது. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

வகுப்பில் எனக்கு ஒரு பதவியும் இருந்தது. யாரும் தராமல் நானே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாதிரித் தேர்வு முடிந்ததும் எழுந்து போய்க் கரும்பலகையில் அன்றைய தாளின் தரத்தை எழுதுவேன்: லேசு, நடுத்தரம், கடினம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எங்கள் சார். அவர்கூட நான் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பார். என் அளவுகோல் மிக எளிமையானது. என்னால் போட முடிந்த தாள் லேசு. பாதி போட முடிந்தால் நடுத்தரம். என்னால் முடியாமல் போனால் கடினம். என்னால் முடியாமல் புதூருக்கு மட்டும் முடிந்திருந்தால், கேள்வியே தப்பு.

பின்பக்கத்துப் பதினோரு கேள்விக்குப் பிறகு அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். பொறாமைக்காரன் கவனிக்கிற மாதிரி வேறு யாரும் ஒருவரைக் கவனிக்க முடியாது. ஆசைப்பட்டவன்கூடச் சில நேரம் கண்ணைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்புவான்.

அவள் தாளைக் கையில் வாங்கியதும் பேனாவை எடுக்க மாட்டாள். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை சும்மா பார்த்துக்கொண்டே போவாள். நான் அதற்குள் மூன்றாவது கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். பார்க்கும்போதே பெருவிரல் நகத்தால் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கீறல். சிலவற்றுக்கு இரண்டு கீறல். சிலவற்றுக்குக் கீறலே இல்லை. ஒரு கீறல் என்றால் இப்போதே போடலாம். இரண்டு கீறல் என்றால் திரும்பி வந்து பார்க்கலாம். கீறல் இல்லாதது செத்த கேள்வி, அதை அவள் மறுபடி பார்க்கவே மாட்டாள். தேர்வு முடிந்து அவள் தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். கீறலே விழாத கேள்விகள் எவையோ, அவற்றில்தான் நான் என் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருப்பேன்.

வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேன். "இத எங்கன படிச்ச? மதுரையில ஏதும் கிளாஸா?"

"எங்கப்பாட்ட."

"அவிய வாத்தியாரா?"

"ஆடு வச்சிருக்காவ."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சந்தைக்கு ஆடு பிடிக்கப் போனா எங்கப்பா மொத சுத்துல கையப் பின்னால கட்டிக்கிடுவாவ. ஒரு ஆட்டயும் தொட மாட்டாவ. தொட்டா யாவாரி கயித்தக் கையில குடுத்துருவான். அப்புறம் அந்த ஒத்த ஆட்டோடயே பொழுது போயிரும். சந்தை பூராவும் பாத்துட்டு, ரெண்டாஞ் சுத்துலதான் முதுகுல கை வைப்பாவ."

"அதுக்கும் கணக்குக்கும் என்னட்டி சம்பந்தம்?"

"கணக்கயும் ஒருக்காத் தொட்டுட்டா கயிறு நம்ம கைக்கு வந்துரும்லா. நீங்க போன வாரம் குழாய்க் கணக்கோட அரைமணி நேரம் நின்னியளே, பாத்தேன்."

உண்மைதான். ஒரு தொட்டி, மூன்று குழாய். இரண்டு நிரப்பும், ஒன்று காலி செய்யும். அரைமணி நேரம் நிரப்பினேன். வந்த விடை நான்கு தெரிவுகளிலும் இல்லை. தெரிவுகளை அச்சடித்தவன்தான் தவறு செய்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, நடுவில் இருந்த ஒன்றைக் குறித்துவிட்டு வந்தேன். தப்பு விடைக்கு மார்க் கழிப்பார்கள். கழித்தார்கள்.

என் பொறாமை அன்றுதான் முழுதாக விளைந்தது என்று நினைக்கிறேன். சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் காயுமே, அது எனக்கு நெஞ்சில் காய்ந்தது. எங்களுக்குப் பசுவந்தனையில் நிலம் இருக்கிறது, கோவில்பட்டியில் வீடு இருக்கிறது. எனக்கென்று தனி அறை, மேசை, சுவரில் கால அட்டவணை, அதில் மூன்று நிற மை. அம்மா பால் கொண்டு வந்து வைக்கும்போது கதவைக்கூட மெதுவாகத்தான் தள்ளுவாள். புதூருக்கோ படிப்பறை என்பது ஒன்றரை மணி நேரப் பேருந்து. இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்து, பேனா இல்லாமல், நகத்தை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பாள். அம்மாவிடம் இதைச் சொன்னேன், ஆறுதல் கிடைக்கும் என்று.

"ஏலே, அப்பம் உனக்கும் ஒரு பஸ் பாஸ் எடுத்துத் தரட்டுமா?" என்றாள் அம்மா.

புதூருடைய விடுகிற குணம் தாளோடு நின்றிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எல்லாவற்றிலும் இருந்தது. நெரிசலாக வரும் பேருந்தை ஒரு பார்வை பார்ப்பாள், விட்டுவிடுவாள். அடுத்தது காலியாக வரும். பசுவந்தனைக்குப் போக நான் முண்டியடித்து ஏறியது வழியில் டயர் போய் நிற்கும். ஐப்பசி மழையில் ஒருநாள் அவள் ஊர்ப் பாதையில் பேருந்து வரவில்லை. மெயின் ரோடு வரைக்கும் நடந்து, தேர்வு தொடங்கி இருபது நிமிடம் கழித்து வந்தாள். முழங்கால் வரை கரிசல் சேறு அப்பியிருந்தது, காலில் செருப்பு இல்லை.

"செருப்பு எங்கம்மா?" என்றார் சார்.

"சேத்துல புதைஞ்சிட்டு சார். விட்டுட்டு வந்துட்டேன்."

"ரெண்டுமா?"

"ஒண்ணு புதைஞ்சிச்சு. இன்னொண்ண வச்சிட்டு என்ன செய்ய? பிடுங்கிட்டு நின்னா டெஸ்ட் போயிரும்லா."

கரிசல் மண் செருப்பைப் பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் அங்கேயே நின்று இழுத்திருப்பேன். வார் அறுந்திருக்கும், நானும் விழுந்திருப்பேன், அந்த வழியே வந்த எவனாவது என்னைப் பிடுங்கியிருப்பான். அவள் ஈரக்காலோடு உட்கார்ந்து, இருபது நிமிடம் குறைவாக எழுதி, என்னைவிட அதிக மார்க் வாங்கினாள். அன்று நான் பலகையில் எழுதிய தரம் 'கடினம்'. கீழே யாரோ சாக்பீஸால் 'செருப்போடு வந்தவர்களுக்கு' என்று சேர்த்திருந்தார்கள். கையெழுத்து சாருடையதுதான் என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

சாரோடு அவள் வாதாடியது ஒரே ஒரு விஷயத்துக்காக. ஆங்கிலப் பகுதியில் நீளமான பேசேஜ் கொடுத்து அதன் கீழே கேள்வி கேட்பார்கள். மிகப் பெரியதாக ஒன்று இருந்தால் அவள் வாசிக்காமலே தாண்டிவிடுவாள்.

"வாசிச்சுப் பாத்தாத்தானம்மா கஷ்டமா லேசான்னு தெரியும்?"

"நீளத்தப் பாத்தாலே தெரியும் சார். எழுதுனவனுக்கே என்ன சொல்லணும்னு தெரியலேன்னாத்தான் அம்புட்டு நீளத்துக்கு எழுதுவான்."

பெரிய பேசேஜ்களை ரசித்து வாசித்து, கேள்விக்குப் பதில் எழுத நேரமில்லாமல் போகிற ஒரு ஆள் அதே அறையில் உட்கார்ந்திருந்தான். அவன் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

இப்படி எல்லாவற்றையும் விடுகிறவளுக்கு விட முடியாதது ஒன்று இருந்தது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, கீழே கடலைமிட்டாய்க் கடை வாசலில் பேருந்துக்கு நின்றபோது சொன்னாள். "எனக்கு ஒரு தடவதான் அண்ணாச்சி. இதுல கிடைக்கலேன்னா தையில கல்யாணத்த முடிச்சிருவாவ. மாமா மகன், பம்பாய்ல கடை வச்சிருக்காரு. நல்லவருதான். ஆனா எனக்குக் கல்லாவுல உக்கார வேண்டாம்."

"உனக்கு என்ன வேணும்?"

"கடைக்கு எத்தன கல்லா வேணும்னு சொல்லுற எடத்துல உக்காரணும்."

எனக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுத வசதி இருந்தது. அவளுக்கு ஒன்று. இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு நடந்ததற்கு நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூடாது.

தேர்வு ஒரே நாளில் மூன்று வேளையாக நடக்கும். வேளைக்கு ஒரு தாள். ஒன்றில் வந்த கேள்வி இன்னொன்றில் வராது. ஆனாலும் தரம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்பதால், காலையில் எழுதி வந்தவன் வாயைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் காத்திருப்பார்கள். எனக்குத் திருநெல்வேலியில் காலை. அவளுக்கு அதே ஊரில், நகரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மதியம்.

காலைத் தாள் என்னை மென்று துப்பியது. கணினியில் முதல் புதிரைத் தொட்டேன். எட்டுப் பேர் வட்ட மேசையில் உட்கார வேண்டும், யாருக்கும் யாரையும் பிடிக்காது. அவர்களைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் அந்தப் பகுதியின் பாதி நேரம் போய்விட்டது. வெளியே வந்து டீக்கடையில் நின்றேன். ஒரு டீ வாங்கினேன். போன் அடித்தது.

"அண்ணாச்சி, தாள் எப்படி இருந்திச்சு?"

மூன்று வருடமாகத் தாளின் தரம் சொல்லி வந்தவன் நான். ஒரு தடவையாவது உண்மையைச் சொல்ல அதுதான் சமயம்.

"லேசு" என்றேன்.

"எல்லாமேவா?"

"எல்லாமே. கணக்கெல்லாம் சின்னப் பிள்ள கணக்கு. சுத்திச் சுத்திப் பாத்து நேரத்த வீணாக்காத. மொதல்லருந்து அடிச்சிட்டே போ. ஒண்ணையும் விட்டுறாத, விட்டவன் செத்தான்."

 "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டாள்.

டீ ஆறும் வரை எனக்கு இனித்தது. ஆறிய பிறகு கிளாஸை அப்படியே வைத்தேன். திரும்ப அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்த பேருந்துக்குக் காத்திராமல் ஆட்டோ பிடித்து அந்தக் கல்லூரிக்குப் போனேன். வழியில் ஒரு ரயில்வே கேட். என் வாழ்க்கையில் வந்த ரயில் கணக்குகளில் நான் நிஜமாகவே விடை கண்டுபிடிக்க விரும்பியது அந்த ஒன்றைத்தான். சரக்கு ரயில் எத்தனை பெட்டி, எப்போது முடியும்?

நான் போய்ச் சேர்ந்தபோது கல்லூரிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வாசலில் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

"தம்பி கோவில்பட்டி கிளாஸா?" என்றார். "அண்ணாச்சி அண்ணாச்சிங்குமே பிள்ள, அது நீங்கதானா? போன் பேசிட்டு வந்து சொல்லிச்சு, அண்ணாச்சி லேசுன்னு சொல்லிட்டாவன்னு. உங்க மேல அதுக்கு நல்ல மதிப்பு தம்பி."

நான் சாத்திய கதவைப் பார்த்தேன்.

"சாப்பிடலபோல. முகம் வாடிக் கெடக்கு." ஒரு துணிப்பையிலிருந்து தூக்குவாளியை எடுத்தார். "பிள்ள பாதிதான் சாப்பிட்டுச்சு. தயிர்சோறு. சாப்பிடுதீயளா?"

சாப்பிட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவளைக் கவிழ்க்கப் பொய் சொன்ன அதே வாயால், அவள் மிச்சம் வைத்த தயிர்சோற்றை, அவள் அப்பா கையிலிருந்து வாங்கி, மோர்மிளகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது. அவள் வெளியே வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

தேர்வு முடிவு வந்த வாரம் வகுப்புக்கு வந்தாள். கீழ்க்கடையிலிருந்து ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கி வந்திருந்தாள். பெரிய கல்லூரிகள் நேர்முகத்துக்கு அழைக்கிற அளவுக்கு வாங்கியிருந்தாள். என் பெர்சென்டைலை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டிலும் வாசிப்பார்கள்.

"தாள் எப்படிம்மா இருந்திச்சு?" என்றார் சார்.

"கஷ்டம் சார். பாதிக்கு மேல விட்டுட்டேன்."

"திரையில நகத்தால கீற முடியாதே?"

"வெத்துத்தாள் குடுத்தாவல்லா, அதுல நம்பர எழுதிக்கிட்டேன். மொத சுத்துல மவுஸயே தொடல."

சொல்லும்போது என்னைப் பார்த்தாளா, எனக்குப் பின்னால் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. எல்லோருக்கும் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தாள். எனக்கும் ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குறைத்திருந்தால் என் பொய் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று கோபப்பட்டிருப்பேன். கூட்டியிருந்தால் தெரியாது என்று நிம்மதியாகியிருப்பேன். சரியாக ஒன்று கொடுத்ததில் பல வருடம் தூக்கம் போனது.

இப்போது அவள் பம்பாயில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். எந்த ஊரில் கடை திறக்கலாம், எதை மூடலாம் என்று சொல்வது வேலை என்று கேள்வி. எதை மூடலாம் என்பதில் கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள். கண்ணாடிச் சுவர் முன்னால் நிற்கிற படங்களைப் போடுவாள். நான் விரலால் பெரிதாக்கி அவள் பெருவிரல் நகத்தைத் தேடுவேன். ஒரு படத்தில் சாயம் பூசியிருந்தது. அன்று முழுக்க எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல்.

நான் அதே மாடியில் இருக்கிறேன். சாருக்கு முடியாமல் போன பிறகு வகுப்பை நான் நடத்துகிறேன். தேர்வில் எங்கெங்கே விழலாம் என்று கோவில்பட்டியில் என்னைப் போல விழுந்து பார்த்தவன் யாருமில்லை, அதுதான் தகுதி. முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு, பார்க்க ஒன்று, போட ஒன்று, திரும்பி வர ஒன்று என்று மூன்று சுற்று முறையைச் சொல்லித்தருவேன். முதல் சுற்றில் தொடக்கூடாது. பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள், "சார், இது உங்க மெத்தடா?" என்று. நான் தன்னடக்கத்தோடு சிரிப்பேன். தன்னடக்கமாகச் சிரித்தால் ஆமாம் என்று சொன்னதாகிவிடும், ஆனால் பொய் சொன்னதாகாது.

போன வாரம் அவளிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. 'அண்ணாச்சி, நான் புதூர். சித்தி மகள் இந்த வருசம் எழுதணும்ங்கா. உங்க கிளாஸ்ல சேத்துக்கிடுதீங்களா?'

சரி என்று ஒரு சொல் போதும். அறிவுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். நான் நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். டீக்கடை, போன், லேசு என்ற சொல், ரயில்வே கேட், தயிர்சோறு, மோர்மிளகாய், அவள் அப்பாவின் சந்தைச் சுற்றை என் பெயரில் விற்றுக்கொண்டிருப்பது, பெருவிரல் நகம் வரைக்கும் ஒன்று விடாமல் எழுதினேன். பொறாமையில்தான் செய்தேன் என்றும், அது இன்னும் முழுதாகத் தீரவில்லை என்றும் எழுதினேன். இப்படிப்பட்டவனிடம் உன் தங்கச்சியை அனுப்பலாமா என்று நீயே யோசித்துச் சொல் என்று முடித்தேன். திரையில் அதைக் கீழே தள்ளித் தள்ளி மூன்று தடவை திருத்திவிட்டு அனுப்பினேன்.

பார்த்துவிட்டதற்கான நீலக் குறி உடனே விழுந்தது. பதில் வரவில்லை. ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. கரும்பலகைக்குப் போய் 'கடினம்' என்று எழுதினேன், எதற்கென்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள், குழாய்க் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது மேசையில் போன் அதிர்ந்தது.

'பேசேஜ் ரொம்பப் பெருசு அண்ணாச்சி, வாசிக்கல. பிள்ள திங்கக்கெழம வருவா.'